பிராணவாயு நின்ற பிறகு மூளையின் நொதிகள்

எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவதைப்போல, இரத்தம் நின்ற மூளையும் அணைந்துவிடுகிறது என்பதே நம்மில் பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம். பக்கவாதத்தில் விழுந்தவரின் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் உறவினரிடம், மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொல்லும்போது, கேட்பவர் உள்ளத்தில் எழுவதும் அந்த அணைந்த விளக்கின் தோற்றமே. அது இயல்பான எண்ணந்தான். ஆனால் முழு உண்மை அன்று. பிராணவாயுவும் குளுக்கோஸும் வந்து சேராத மூளையணுவுக்குள்ளே, உணவைச் சக்தியாக மாற்றுவதும் சவ்வைக் காப்பதும் பழுதைச் செப்பனிடுவதுமாகிய பணிகளைச் செய்துவரும் நொதிகள், தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவதில்லை. சில பன்மடங்கு வேகத்தோடு இயங்கத் தொடங்குகின்றன. அடங்கிக் கிடந்த சில விழித்துக்கொள்கின்றன. வேறு சில, இரத்தம் மீண்டும் பாய்ந்த பிறகே தம் முழு வேகத்தையும் காட்டுகின்றன. மூளையணு பட்டினியால் மட்டும் சாவதில்லை. பட்டினி குலைத்துவிட்ட வீட்டில், தத்தம் கடமையைத் தவறாமல் செய்துகொண்டே இருக்கும் நொதிகளின் கையாலும் சாகிறது. இவ்வேறுபாடு விளங்கினால்தான், பக்கவாதச் சிகிச்சையில் நிமிடங்களுக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பது விளங்கும்.

மனித மூளையின் எடை உடலெடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கென வாங்கிக்கொள்கிறது. 1940களில் பிலடெல்பியாவில் ஸீமர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்னும் இருவர், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, அது தமனி இரத்தத்தில் எவ்வளவு, மூளையிலிருந்து திரும்பும் சிரை இரத்தத்தில் எவ்வளவு என்று ஒப்பிட்டு, விழித்திருக்கும் மனிதனின் மூளைக்குள் பாயும் இரத்தத்தை அளக்க வழி கண்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் என்பது அவர்கள் வழியில் வந்த கணக்கு. இவ்வளவு பெற்றும் மூளை எதையும் சேமித்து வைப்பதில்லை. கல்லீரலைப்போலக் கிளைக்கோஜனைக் குவித்து வைக்கும் வழக்கமோ, தசையைப்போலக் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும் திறமோ அதற்குப் பெரிதும் இல்லை. அன்றாடங்காய்ச்சியின் வீட்டைப்போல, வந்த கணமே செலவாகும் குடித்தனம் அது.

இச்செலவில் ஏறத்தாழப் பாதி எங்கே போகிறது என்பதற்கான விடை, டென்மார்க்கிலுள்ள ஆர்ஹுஸ் நகரில், நண்டின் காலிலிருந்து எடுத்த நரம்புகளில் கிடைத்தது. யென்ஸ் ஸ்கூ 1957இல் அந்நரம்புச் சவ்வில் கண்டறிந்த நொதி, ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளைச் சிதைத்து, அதனால் கிடைக்கும் விசையைக்கொண்டு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நரம்பணு மின்துடிப்பை எழுப்புவதெல்லாம், இந்த நொதி ஓயாமல் இறைத்து இறைத்து உண்டாக்கி வைத்திருக்கும் ஏற்றத்தாழ்வைக் கொண்டுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், ஸ்கூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நீர் கசிந்துகொண்டே இருக்கும் படகிலிருந்து தண்ணீரை இறைப்பவன் கை ஓய்ந்தால் என்ன ஆகுமோ, அதுவே இந்த நொதி ஓய்ந்தால் மூளையணுவுக்கு ஆகிறது.

ஆனால் அது உடனே ஓய்வதில்லை. 1943இல் ராஸன், கபட், ஆண்டர்சன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், இளைஞர்களின் கழுத்தில் காற்றடைத்த பட்டையை இறுக்கி மூளையின் இரத்த ஓட்டத்தை முழுவதும் நிறுத்தியபோது, சராசரியாக ஏழு விநாடிக்குள் அவர்கள் நினைவிழந்தார்கள். பட்டையைத் தளர்த்தியதும் நினைவு திரும்பியது. இன்று எந்த அறநெறிக் குழுவும் ஒப்புக்கொள்ளாத பரிசோதனை அது. எனினும் அது உணர்த்திய செய்தி பெரிது. நினைவு போவது அணு சாவதன் அறிகுறி அன்று. சக்தி இருப்பு பெரிதாகக் குறைவதற்கு முன்பே நரம்பணுக்கள் தம் துடிப்பை அடக்கிக்கொண்டு மௌனமாகிவிடுகின்றன. அந்த மௌனத்துக்குள்ளே ரசாயனம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி.

அக்கேள்விக்கு மிக நேர்த்தியான விடையைத் தந்தவர் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலிவர் லௌரி. 1951இல் புரதத்தை அளக்கும் முறை ஒன்றை எழுதி, விஞ்ஞான உலகில் வேறெந்தக் கட்டுரையையும்விட மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்கு உரியவரானவர் அவரே. ஆனால் அவருடைய மனம் லயித்தது மிகச் சிறிய அளவுகளில். ஒற்றை நரம்பணுவின் உடலைப் பிரித்தெடுத்து நிறுப்பதற்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குவார்ட்ஸ் இழையின் ஒரு முனையைப் பதித்து, மறுமுனையில் பொருளை வைத்து, இழை எவ்வளவு வளைகிறது என்று உருப்பெருக்கியால் பார்க்கும் தராசை அவர் கையாண்டார்.

1964இல் அவரும் ஜேனட் பாஸனோவும் மற்றிருவரும் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் எளிமை வியப்பளிக்கிறது. சுண்டெலியின் தலையைத் துண்டித்த கணத்தில் மூளைக்குப் பிராணவாயுவும் நின்றது, குளுக்கோஸும் நின்றது. உள்ளே இருப்பதைத் தவிர வேறு வரவு இல்லை. சில தலைகளை உடனேயும், மற்றவற்றைச் சில விநாடி, அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று காத்திருந்தும், திரவ நைட்ரஜனால் கடுங்குளிரூட்டிய திரவத்தில் போட்டு உறையவைத்தார்கள். உறைந்ததும் நொதிகள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையில் நின்றுவிடும். பிறகு உறைந்த மூளையைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, சர்க்கரை சிதைவதன் ஒவ்வொரு படியிலும் உள்ள பொருள்களை அளந்தார்கள். ஓடும் ஆற்றை ஆங்காங்கே நிறுத்தி, ஒவ்வொரு துறையிலும் நீர்மட்டம் என்ன என்று பார்ப்பது போன்றது அது. சுண்டெலியின் சிறிய தலைகூட உள்வரை உறையச் சில விநாடிகள் பிடிக்கும் என்பதனால், முதல் கணத்தின் கணக்கில் எப்போதும் சிறு மாசு இருக்கும் என்பதையும் இத்துறையினர் நன்கு அறிவர்.

அவர்கள் கண்டது இதுதான். முதலில் சரிந்தது கிரியேட்டின் பாஸ்பேட். அதனிடம் உள்ள பாஸ்பேட்டைப் பறித்து, செலவான ஏ.டி.பி.யை உடனுக்குடன் நிரப்பும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் தயவால், ஏ.டி.பி. சிறிது நேரம் தாக்குப்பிடித்தது. பின்னர் அதுவும் இறங்கியது. மூளையில் இருந்த கொஞ்சம் குளுக்கோஸும் கிளைக்கோஜனும் விரைந்து கரைந்தன. லாக்டிக் அமிலம் ஏறியது. இவையெல்லாம் ஓரளவு எதிர்பார்த்தவை. எதிர்பாராத நுட்பம் நடுவில் இருந்தது. சர்க்கரை சிதையும் பாதையில் பிரக்டோஸ்-6-பாஸ்பேட் என்னும் பொருளும் அதற்கு முந்தியதும் சட்டென்று குறைந்தன; அதற்கு அடுத்த படியில் உள்ள பிரக்டோஸ் டைபாஸ்பேட் சட்டென்று கூடியது. வாய்க்காலில் மதகுக்கு மேலே நீர் இறங்கி, கீழே நீர் ஏறினால், மதகைத் திறந்துவிட்டார்கள் என்பதை நேரில் பாராமலே வயலில் நிற்கும் உழவன் சொல்லிவிடுவான். அவ்வாறே இவ்விரு பொருள்களுக்கும் இடையில் நிற்கும் பாஸ்போபிரக்டோகைனேஸ் என்னும் நொதியே திறந்துவிடப்பட்ட மதகு என்று லௌரி குழுவினர் காட்டினார்கள். சர்க்கரை சிதையும் வேகம் நான்கு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது.

மதகைத் திறந்தது யார்? பட்டினியேதான். ஏ.டி.பி. நிறைந்திருக்கும்போது அதுவே இந்த நொதியின்மேல் படிந்து அதை மூடி வைக்கிறது, ஏ.டி.பி. செலவாகி, அதன் எச்சங்களான ஏ.எம்.பி.யும் தனிப் பாஸ்பேட்டும் பெருகும்போது அவை நொதியைத் திறந்துவிடுகின்றன. இங்கே இன்னொரு நொதி வந்து துணை நிற்கிறது. அடினிலேட் கைனேஸ், ஒரு பாஸ்பேட்டை இழந்த ஏ.டி.பி. எச்சங்கள் இரண்டைச் சேர்த்து ஓர் ஏ.டி.பி.யையும் ஓர் ஏ.எம்.பி.யையும் உண்டாக்குகிறது, ஏ.எம்.பி. சாதாரணமாக மிகச் சிறிதளவே இருப்பதனால், ஏ.டி.பி.யில் ஏற்படும் சிறு குறைவும் ஏ.எம்.பி.யில் பன்மடங்கு பெருக்கமாகத் தோன்றுகிறது. வீட்டில் அரிசிப்பானை கால்பங்கு குறைந்ததும் அலறுகிற குரல் அது. காற்று இருக்கும்போது ஈஸ்ட் குறைவாகச் சர்க்கரை தின்பதையும், காற்றில்லாதபோது மிகுதியாகத் தின்பதையும் 1861இலேயே லூயி பாஸ்டர் குறித்து வைத்தார். நூறாண்டு கழித்து, அந்த விதியின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது சுண்டெலியின் மூளையில் புலப்பட்டது.

ஆனால் மதகு திறந்தாலும் ஏரியில் நீர் வேண்டும். பிராணவாயுவோடு எரிந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. தரும், பிராணவாயு இல்லாமல் சிதைந்தால் இரண்டே இரண்டு. எத்தனை வேகமாகச் சிதைத்தாலும் ஈடு ஆகாது. மேலும், சிதைவு தொடர வேண்டுமானால் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி பைருவிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வாறு மாற்ற மாற்ற அணுவுக்குள் புளிப்பு ஏறுகிறது. புளிப்பு ஏற ஏற, எந்த மதகு திறந்து இவையெல்லாம் நடந்தனவோ அந்த பாஸ்போபிரக்டோகைனேஸே மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும் நிலையில் மூளையின் ஓட்டம் தடைபட்டால் தீங்கு பெருகுகிறது என்று 1970களில் ரொனால்டு மையர்ஸ் குரங்குகளில் கண்டார். உணவு மிகுந்திருப்பதே அமிலமாகி அழிவைக் கூட்டும் அந்த விபரீதம், பக்கவாத நோயாளிக்கு இரத்தச் சர்க்கரையை இன்றும் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பதற்கு ஒரு காரணம்.

ஐரோப்பாவின் குளங்களில் வாழும் குரூசியன் கெண்டை என்னும் மீன் இச்சிக்கலுக்குக் கண்டிருக்கும் வழியை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பனி மூடிய குளத்தில் பிராணவாயு அற்றுப்போனால், அது லாக்டிக் அமிலத்தைத் தேக்கி வைக்காமல், சாராயமாக மாற்றிச் செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. அதன் முன்னோரிடம் ஒரு நொதியின் மரபுப் பிரதி இரட்டிப்பாகி, ஒன்று பழைய வேலையையும் மற்றொன்று இப்புதிய வேலையையும் ஏற்றுக்கொண்டதாக ஆஸ்லோவில் நடந்த ஆய்வு 2017இல் காட்டியது. நமக்கு அந்த இரண்டாம் பிரதி வாய்க்கவில்லை.

பிராணவாயு மட்டும் நிற்பதும், குளுக்கோஸ் மட்டும் நிற்பதும், இரண்டும் ஒருங்கே நிற்பதும் ஒன்றல்ல. குளுக்கோஸ் மட்டும் நின்றால், மூளையணு தன்னிடமுள்ள குளூட்டமேட் முதலிய அமினோ அமிலங்களையே எரிக்கத் தொடங்குகிறது, அமிலம் தேங்குவதில்லை, சாவு தாமதிக்கிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க உதவியவை கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்பட்ட மூளையணுக்கள். அணுக்கள் மூழ்கியிருக்கும் திரவத்தைக் கழுவி அகற்றி, குளுக்கோஸ் இல்லாத திரவத்தை ஊற்றி, காற்றுப் புகாத பெட்டிக்குள் நைட்ரஜனை நிரப்பிக் காத்திருக்கிறார்கள்; குறித்த நேரம் கழித்துப் பழைய திரவத்தையும் காற்றையும் மீண்டும் தருகிறார்கள். லௌரி இருந்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கோல்ட்பெர்க், சோய் என்னும் இருவர் 1993இல் இம்முறையில் செய்த ஆய்வில், இரண்டும் ஒருங்கே நின்றபோது ஒன்று மட்டும் நின்றதைவிட மிக விரைவில் அணுக்கள் அழிந்தன; அந்த அழிவில் கால்சியத்துக்கும் குளூட்டமேட்டுக்கும் உள்ள பங்கு துலங்கியது.

அந்தப் பங்கு இவ்வாறு நிகழ்கிறது. ஓட்டம் முற்றும் நின்ற மூளையில் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் ஸ்கூவின் நொதிக்கு ஏ.டி.பி. போதாமல் ஆகிறது. அதுவரை மெதுவாகக் கசிந்த பொட்டாசியம் திடீரென்று வெளியே பாய்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. அணுக்களிடையே தூதாகச் செல்லும் குளூட்டமேட், துடைத்தெடுக்க ஆளில்லாமல் வெளியில் தேங்கி, அக்கம்பக்கத்து அணுக்களின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே புகுகிறது. அணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கே உள்ளே இருப்பது இயற்கை நியதி. கோட்டைக் கதவு போன்ற அந்த நியதி உடைந்துபோகிறது. இளம் சுண்டெலிகளில் குளூட்டமேட்டின் கொடுமையை 1969இல் விளக்கிய ஜான் ஓல்னியும் செயிண்ட் லூயிஸைச் சேர்ந்தவரே என்பது இத்துறையின் வரலாற்றில் ஒரு நல்ல தற்செயல்.

கால்சியமே அறிவிப்பு மணியாக இருக்கும் நொதிகள் பல மூளையில் உண்டு. கால்பெயின் அவற்றுள் ஒன்று. நரம்பணுவின் கிளைகள் வளர்ந்து மாறும்போது, பழைய சட்டத்தை அளவறிந்து வெட்டிக் கொடுப்பது அதன் அன்றாடத் தொழில். மணி ஓயாமல் அடிக்கும்போது அது ஸ்பெக்ட்ரின் என்னும் உட்சட்டத்தையே வெட்டிக்கொண்டு போகிறது. பாஸ்போலிபேஸ், சவ்வின் கொழுப்பைப் பிளந்து அராக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கிறது. ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே கொழுப்பமிலங்கள் தனித்துத் தேங்குவதை நிக்கோலஸ் பஸான் 1970இல் கண்டார். நைட்ரிக் ஆக்ஸைடு ஸிந்தேஸும் கால்சியத்தால் எழுவதே. இவை எவையும் சாவுக்கென்று படைக்கப்பட்டவை அல்ல. கற்றலுக்கும் நினைவுக்கும் இரத்தக்குழாய் விரிவதற்கும் துணை நின்றவையே, உத்தரவு தவறாக வந்ததனால், உத்தரவை நிறைவேற்றுகின்றன.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். நைட்ரிக் ஆக்ஸைடு ஸிந்தேஸுக்கும், அராக்கிடோனிக் அமிலத்தை மேலும் மாற்றும் நொதிகளுக்கும் பிராணவாயுவே மூலப்பொருள். பிராணவாயு நின்றிருக்கும்வரை அவை ஆயத்தமாக நிற்கின்றனவே தவிரச் செயற்பட முடிவதில்லை. இரத்தம் திரும்பும்போது, உயிரைக் காக்க வரும் அதே பிராணவாயு அவற்றுக்கும் வந்து சேருகிறது. அப்போது பிறக்கும் கட்டற்ற விளைபொருள்கள் மரபுப் பொருளான டி.என்.ஏ.யைச் சிதைக்க, அதைச் செப்பனிட வரும் பார்ப் என்னும் நொதி, ஒவ்வோர் உடைவுக்கும் என்.ஏ.டி. என்னும் துணைப்பொருளை வாரி இறைத்து, மீண்டு வந்துகொண்டிருந்த அணுவின் சக்தியை வறண்டுபோகச் செய்கிறது. அந்நொதி இல்லாமல் பிறப்பித்த சுண்டெலிகளில், இரத்தக்குழாயை அடைத்துத் திறந்தபோது மூளையின் சேதம் கணிசமாகச் சிறுத்திருந்தது.

சேதம் எவ்வளவு தாமதித்து வரக்கூடும் என்பதை ஜப்பானில் டகாக்கி கிரினோ 1982இல் காட்டினார். மங்கோலியப் பாலைவன எலியான ஜெர்பிலின் மூளையடியில் இரத்தக்குழாய்களின் வளையம் முழுமை பெறாதது; ஆகையால் கழுத்தின் இரண்டு தமனிகளை இடுக்கினாலே முன்மூளைக்கு ஓட்டம் நின்றுவிடும். ஐந்து நிமிடம் இடுக்கி விடுவித்தார். எலி எழுந்து நடமாடியது. மறுநாள் நுண்ணோக்கியில் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் அணுக்கள் ஏறக்குறையப் பழுதின்றித் தோன்றின. நான்காம் நாள் பார்த்தால், அதன் ஒரு குறிப்பிட்ட பட்டையில் நரம்பணுக்கள் பெரும்பாலும் மாண்டிருந்தன. ஏ.டி.பி. மீண்டிருந்தது, இரத்தமும் ஓடியது. ஆனால் அந்தப் பட்டையில் மட்டும் புரதம் கட்டும் வேலை மீளவே இல்லை. எட்டாண்டு கழித்து ஒஸாகாவிலிருந்து வந்த செய்தி இன்னும் வியப்பானது: முன்னதாக இரண்டு நிமிடம் மட்டும் இடுக்கி விடுவித்த ஜெர்பில்கள், பின்னர் வந்த ஐந்து நிமிடத்தைத் தாங்கிக்கொண்டன. பிராணவாயுவை உணரும் நொதிகள் அணுவுக்குள் இருப்பதும், பிராணவாயு குறைந்தால் அவை தம் வேலையை நிறுத்துவதாலேயே எச்.ஐ.எஃப். என்னும் புரதம் அழியாமல் தங்கி, தற்காப்பு மரபணுக்களை எழுப்புவதும் பிற்காலத்தில் விளங்கின. அந்த விளக்கத்துக்கே 2019இன் நோபல் பரிசு. இத்தனை நொதிகளுக்கிடையில், ஓய்ந்திருப்பதன் மூலமே உதவி செய்வது இதுவொன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.

பக்கவாதத்தில் ஓட்டம் எங்கும் ஒரே அளவாக நிற்பதில்லை. அடைபட்ட குழாயின் நடுப்பகுதியில் முற்றும் நிற்க, சுற்றிலும் அக்கம்பக்கத்துக் குழாய்களின் தயவால் சிறிது கசிகிறது. 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் மின்துடிப்பு அடங்குகிறது. சுமார் 10க்குக் கீழே போனால்தான் அயனிகளின் கோட்டை உடைகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஊமையாகி உயிரோடிருக்கும் பகுதிக்கு, கிரகணத்தின் சொல்லைக் கடன் வாங்கிப் புறநிழல் என்று 1970களின் பிற்பகுதியில் பெயரிட்டார்கள். 1995இல் அமெரிக்காவில், இரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்னும் மற்றொரு நொதி மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டால் பயன் தரும் என்று நிறுவப்பட்டது. அது காப்பது இந்தப் புறநிழலைத்தான். ஆனால் கால்பெயினையும் குளூட்டமேட்டையும் கட்டற்ற விளைபொருள்களையும் தனித்தனியே தடுக்கக் கொண்டுவந்த மருந்துகளோ, விலங்குகளில் வென்றும் மனிதரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, அதுவரை பரிசோதிக்கப்பட்ட 1,026 சிகிச்சைகளைக் கணக்கிட்டது. ஒரு மதகை அடைத்தால் வேறு மதகில் நீர் போகும் என்பது ஒரு காரணம்; நோயாளி வந்து சேர்வதற்குள் அந்த மதகு வேலையை முடித்திருக்கும் என்பது மற்றொன்று.

எல்லா நொதிகளின் வேகத்தையும் ஒருங்கே தணிக்கக்கூடியது குளிர்ச்சி ஒன்றே. மூளையின் வெப்பத்தை இரண்டு மூன்று பாகை குறைத்தாலே எலிகளில் சேதம் வெகுவாகத் தணிகிறது என்று மயாமியில் 1987இல் கண்டார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளை 33.5 பாகை செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பது, 2005 முதல் மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகளில் சாவையும் ஊனத்தையும் குறைத்தது. அதே முறையை இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில், சென்னையும் உட்பட, 408 குழந்தைகளிடம் செய்து பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. சாவும் ஊனமும் குறையவில்லை. குளிர்வித்தவர்களில் நூற்றுக்கு 42 பேரும் குளிர்விக்காதவர்களில் நூற்றுக்கு 31 பேரும் இறந்திருந்தார்கள்.

இதைப் படித்த நாளன்று நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. எலியின் மூளையில் பழுதறியாத ஒரு விதி, நம் குழந்தைகளிடம் ஏன் பலிக்கவில்லை? அக்குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, மேலை நாட்டுக் குழந்தைகளில் மிகுதியாகக் காணும் ஆழ்பகுதிச் சேதத்தைவிட, வெண்பொருளின் சேதமே முன்னின்றது. பிரசவ நேரத்தில் திடீரென்று நேர்ந்த முழுத் தடையைவிட, அதற்கு முன்பே, கருவறையில் நீண்ட நேரமோ விட்டுவிட்டோ நேர்ந்த குறைவை அது சுட்டுகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். லௌரியின் பட்டியலில் பத்துநாள் சுண்டெலிக் குஞ்சுகளும் இருந்தன. அவற்றின் மூளையில் சக்தி இருப்பு, வளர்ந்தவற்றைக்காட்டிலும் வெகு மெதுவாகவே கரைந்தது. இளமூளை அவ்வாறு நெடுநேரம் தாக்குப்பிடிப்பதனாலேயே, அதற்குள் நொதிகளின் வேலை எந்த மணியில் தொடங்கியது என்பதை வெளியிலிருந்து அறிவது அரிதாகிறது. அந்த மணியை வயிற்றிலிருக்கும்போதே கண்டறிய, பிரசவ அறையில் தாயின் பக்கத்தில் நின்று குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணும் செவிலியின் காதைத் தவிர, நம் சிற்றூர்களில் இன்னும் பல இடங்களில் வேறு கருவி இல்லை.